பார்மாவின் ஆறாம் நம்பர்

22 பிப்ரவரி 2015, ஞாயிறு

இன்று பார்மா–உதினேசே கால்பந்து ஆட்டம் நடக்கவில்லை. மழையும் இல்லை, பனியும் இல்லை, மைதானத்தில் பாதுகாப்புக்கு ஆள் நிறுத்த கிளப்பிடம் காசு இல்லை, அவ்வளவுதான். இது நடப்பது இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஏ-யில்! பார்மாவின் சொந்த மைதானமான டார்டினியின் கேட்டில் 'கொள்ளை காரணமாக மூடப்பட்டுள்ளது' என்று ரசிகர்களே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். போன சீசனில் இதே அணி ஆறாவது இடம் பிடித்து யூரோப்பா லீக் போக வேண்டியது, வரி பாக்கியால் லைசென்ஸ் கிடைக்காமல் அந்த இடம் டொரினோவுக்குப் போனது. அப்புறம் டிசம்பரில் ஒருவர் வாங்கினார், இப்போது அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கியிருக்கிறார், விலை ஒரே ஒரு யூரோ. ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. டிவிக்காரர்களிடம் பேசுவது, லீக்கோடு மல்லுக்கட்டுவது எல்லாம் கேப்டன் அலெசாண்ட்ரோ லுக்கரெல்லி தலையில் விழுந்திருக்கிறது. 37 வயது சென்டர் பேக் (நடுவில் நின்று தடுத்து ஆடுபவர்) செய்ய வேண்டிய வேலையா இது?

20 மார்ச் 2015

நேற்று கோர்ட்டில் திவால் அறிவித்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் அந்த ஒரு யூரோ முதலாளி கைதானார். மற்ற கிளப்புகள் சேர்ந்து 50 லட்சம் யூரோ கொடுத்து பார்மாவை சீசன் முடியும்வரை ஓட வைக்கப் போகின்றன. இதைப் பெருந்தன்மை என்று நான் நம்பத் தயாராக இல்லை, நடுவில் ஓர் அணி கழன்றுகொண்டால் புள்ளிப் பட்டியலே கேலிக்கூத்தாகிவிடும் என்கிற பயம்தான்.

யார் இந்த லுக்கரெல்லி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். லிவோர்னோக்காரர். அண்ணன் கிறிஸ்டியானோ கோல் அடித்துப் பேர் வாங்கியவர், தம்பி கோல் விழாமல் பார்த்துக்கொள்பவர், அதனால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. லிவோர்னோ, ரெஜினா, சியெனா, ஜெனோவா என்று சுற்றிவிட்டு 2008-இல் பார்மா வந்தார். அப்போது பார்மா இரண்டாவது டிவிஷனான சீரி பி-யில் இருந்தது. புஃபோன், துராம், கன்னவாரோ ஆடிய பார்மாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு இவர் முதலில் கண்ணிலேயே படவில்லை.

11 ஏப்ரல் 2015

யுவென்டஸை 1-0 என்று அடித்தாயிற்று! கோல் ஹோசே மவுரி, வயது 18. கடைசி இடத்து திவால் அணி முதல் இடத்து அணியை. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

23 ஜூன் 2015

கிளப்பை ஏலத்தில் எடுக்க யாரும் வரவில்லை, நேற்றோடு கெடு முடிந்தது. வாங்க வருபவரின் பாரம் குறையட்டும் என்று ஆட்டக்காரர்கள் தங்கள் பாக்கியில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்திருந்தார்கள், அப்படித்தான் அந்தக் கணக்கு 7.4 கோடி யூரோவிலிருந்து 2.26 கோடிக்கு இறங்கியது. அதற்கும் ஆள் இல்லை. இனி சீரி பி கிடையாது, நேராக நாலாவது டிவிஷனான சீரி டி. சட்டப்படி அது அமெச்சூர் லீக்.

9 ஆகஸ்ட் 2015

புது கிளப் வந்துவிட்டது. பெயர் பார்மா கால்சியோ 1913. பாஸ்தா கம்பெனி பரில்லா, ரேஸ் கார் செய்யும் தல்லாரா என்று உள்ளூர் முதலாளிகள் சேர்ந்து ஆரம்பித்தது. தலைவர் நேவியோ ஸ்காலா, தொண்ணூறுகளில் கோப்பை கோப்பையாக வாங்கிக் கொடுத்த அதே கோச். இப்போதைய கோச் அப்போலோனி, அந்தக் காலத்தில் ஸ்காலாவின் டிஃபெண்டர். பழைய அணியிலிருந்து லுக்கரெல்லி கூடவே வருகிறார். போன மாதம் 38 முடிந்தது.

வேறு எங்கே எடுப்பார்கள், அதனால்தான் இருக்கிறார் என்று ஒரு நண்பன் சொன்னான். இந்த வயதில் வரிசையில் நின்று யாரும் கூப்பிட மாட்டார்கள்தான். ஆனால் வீட்டுக்குப் போயிருக்கலாமே? திவாலான கிளப்பின் கேப்டன் என்று மரியாதையோடு ஓய்வு பெற்றிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

25 அக்டோபர் 2015

நான் பார்க்கும் ஸ்கோர் ஆப்பில் சீரி டி இல்லவே இல்லை, இத்தாலிய உள்ளூர்ச் செய்திகளைத் தட்டுத்தடுமாறிப் படித்துத்தான் முடிவு தெரிந்துகொள்கிறேன். சீசன் டிக்கெட் ஒன்பதாயிரத்துக்கும் மேல் விற்றிருக்கிறது, நாலாவது டிவிஷனுக்கு! வெளியூர் ஆட்டங்கள் வேறு மாதிரி. சின்ன மைதானம், கம்பி வேலியை ஒட்டியே கூட்டம், எதிரணிக்கு அந்த வருடத்தின் பெரிய நாளே அதுதான். பார்மாவுக்கு எதிராக ஆடுகிறோம் என்று ஒவ்வொரு ஸ்ட்ரைக்கரும் உயிரைக் கொடுத்து முட்டுகிறான். இதில் சீரி டி விதி ஒன்று, குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள சில பையன்களைக் களத்தில் வைத்தே ஆக வேண்டும். ஆக லுக்கரெல்லிக்குப் பக்கத்தில் நிற்பவன் அவரில் பாதி வயதுக்காரன். அவர் இப்போது ஓடுவதைவிடக் கத்துவதுதான் அதிகம். கையை நீட்டி, பையனை இரண்டு அடி முன்னே நகர்த்தி, பந்து வருவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார். இதையெல்லாம் எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

மே 2016

38 ஆட்டம், 28 வெற்றி, 10 டிரா, தோல்வியே இல்லை, 94 புள்ளி. ஏப்ரலிலேயே மேலே போவது உறுதியாகிவிட்டது. அடுத்து மூன்றாவது டிவிஷனான லெகா ப்ரோ.

18 ஜூன் 2017

மூன்றாவது டிவிஷன் இவ்வளவு கஷ்டம் என்று எதிர்பார்க்கவில்லை. நவம்பரில் அப்போலோனியை அனுப்பினார்கள், ஸ்காலாவும் பதவியை விட்டார், பிறகு கோச்சாக டவெர்சா வந்தார், குரூப்பில் வெனிஸுக்குப் பின்னால் இரண்டாவது இடம். அதனால் பிளே-ஆஃப்: 28 அணிகள், மேலே போவது ஒன்றே ஒன்று. இப்படியொரு கொடுமையான போட்டி முறையை யார் யோசித்தார்களோ. அரையிறுதியில் போர்டெனோனேவை பெனால்டியில்தான் தாண்ட முடிந்தது. நேற்று ஃபிளாரன்ஸில் அலெசாண்ட்ரியாவை 2-0. அலெசாண்ட்ரியாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது, குளிர்காலம் முழுக்கத் தங்கள் குரூப்பில் எல்லாரையும் விட்டு எங்கோ முன்னால் இருந்தவர்கள். லுக்கரெல்லிக்கு அடுத்த மாதம் நாற்பது.

19 மே 2018

தூக்கமே வரவில்லை. சீரி பி-யில் நேற்றைய கடைசி ஆட்டம் ஸ்பெட்சியாவில். பார்மா ஜெயிக்க வேண்டும், ஃப்ரோசினோனே சொந்த மண்ணில் ஃபோஜாவை ஜெயிக்கக் கூடாது, இரண்டும் நடந்தால்தான் நேரடியாக சீரி ஏ. பார்மா 2-0. ஸ்பெட்சியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அடிக்க வந்த கில்லார்டினோ (பழைய பார்மா ஆள்) கோட்டை விட்டார். அந்தப் பக்கம் ஃப்ரோசினோனே 2-1 என்று முன்னால், 89-ஆவது நிமிடம் ஃபோஜா சமன் செய்தது. இரண்டு அணிக்கும் 72 புள்ளி, நேருக்கு நேர் மோதிய கணக்கில் பார்மா மேலே. டி-யிலிருந்து ஏ-வுக்குத் தொடர்ந்து மூன்றே வருடத்தில் ஏறிய அணி இத்தாலியில் இதற்கு முன் இல்லை.

10 ஆகஸ்ட் 2018

லுக்கரெல்லி ஓய்வை அறிவித்து, 6-ஆம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப்பும் சொல்லியாயிற்று. சீரி ஏ-யில் ஓர் ஆட்டமாவது ஆடியிருக்கலாம் என்று பலருக்கு வருத்தம். எனக்கு இல்லை, 41 வயதில் அங்கே ஸ்ட்ரைக்கர்கள் அவரைத் திணறடிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நடுவில் அந்த ஸ்பெட்சியா ஆட்டத்துக்கு முன் பார்மா ஸ்ட்ரைக்கர் கலயோ எதிரணி ஆட்களுக்கு அனுப்பிய மெசேஜ் விவகாரம் வேறு, அதற்காக ஐந்து புள்ளி வெட்டினார்கள், நேற்று அப்பீலில் அதை ரத்து செய்து அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். நல்லது. அடுத்த வாரம் லீக் தொடங்குகிறது, சென்டர் பேக்கில் யாரை இறக்குவார்கள் என்பதுதான் இப்போது என் கவலை.