உப்புத்தண்ணீர் தொட்டிக்கு வங்கக் கடல் நீர்: எடுப்பதும் வைப்பதும்

மீன் தொட்டியில் கடல் நீர் ஊற்றியதும் மீன் செத்தது என்று யாராவது சொன்னால், எந்தக் கடற்கரையில் எடுத்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடுத்தபின் எத்தனை நாள் கேனில் கிடந்தது என்று முதலில் கேட்க வேண்டும். கடல் நீர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள். மூடிய கேனுக்குள் வெளிச்சமும் ஓட்டமும் இல்லாமல் அவை செத்து அழுகும், அம்மோனியா ஏறும். கூடவே பாக்டீரியா பெருகும். கடல் நீரைப் பாத்திரத்தில் அடைத்தாலே, அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு பாக்டீரியா சில நாட்களில் பல மடங்காகும் என்பதை ஸோபெல் என்ற கடல் நுண்ணுயிரியலாளர் 1943இலேயே விளக்கி எழுதிவிட்டார். சாப்பிட ஏதுமில்லாமல் போனபின் அந்தக் கூட்டம் தானே குறையும்.

ஆகவே எடுத்த தண்ணீருக்கு இரண்டு வழிதான்: ஒன்று, அன்றைக்கே ஊற்றுவது. இன்னொன்று, மூன்று வாரம் இருட்டில் வைத்துவிட்டு ஊற்றுவது. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் ஊற்றுவதுதான் ஆபத்து. பவளம் வைத்திருப்பவர்கள் சிலர் மிதவை உயிர்கள் உணவாகட்டும் என்று அன்றே ஊற்றுவார்கள். மீன் தொட்டிக்கு மூன்று வாரம்தான் சரி. மீனை நம்பி வாழும் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை அதற்குள் மீன் கிடைக்காமல் மடிந்துவிடும்.

இனி இடம். சென்னைக்காரர்களுக்கு மெரினா பக்கம்தான், ஆனால் ஒரு புறம் கூவம் முகத்துவாரம், மறுபுறம் அடையாறு முகத்துவாரம். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம், டீசல். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதும் அந்தப் பக்கம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போவதே நல்லது. அங்கேயும் முட்டுக்காடு முகத்துவாரத்தையும், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் கழிவு உப்புநீர் விழும் இடத்தையும் விட்டுத் தள்ளிப் போங்கள். எந்த முகத்துவாரமானாலும் இரண்டு கிலோமீட்டராவது விலகியிருக்க வேண்டும், அதுவும் நீரோட்டம் வரும் பக்கமாக. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். அப்போது முகத்துவாரத்துக்கு வடக்கே எடுக்க வேண்டும். பிப்ரவரி முதல் கோடை வரை ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. அப்போது தெற்குப் பக்கம். இதைக் கவனிக்காமல் தூரத்தை மட்டும் அளந்தால் பயனில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுக்காமல் இருப்பதே உத்தமம். உள்ளூர் மழைநீர் ஒரு பக்கம், வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய நன்னீர் நீரோட்டத்தோடு இறங்கி வருவது இன்னொரு பக்கம். உப்புத்தன்மை 30 பிபிடிக்கும் (ஆயிரத்தில் 30 பங்கு) கீழே போகும். ஏப்ரல், மே மாதங்களில் எடுப்பது நல்லது. கோடை மழை பெய்தால் ஒரு வாரம் பொறுங்கள். இன்னொன்று: இரவில் அலை நீலமாக மின்னினால், 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் மின்னியதுபோல, பார்த்து ரசித்துவிட்டுக் காலி கேனோடு திரும்புங்கள். அது நாக்டிலூகா என்ற மிதவை உயிர். தன் உடலுக்குள்ளேயே அம்மோனியத்தைச் சேர்த்து வைத்திருக்கும். செத்தால் அத்தனையும் தண்ணீரில்தான்.

அலை உடையும் இடத்தில் மொண்டால் பாதி மணல்தான் வரும். மணல் ஒரே நாளில் படியும். அதோடு வரும் நுண்ணிய வண்டல் லேசில் படியாது, பாஸ்பேட்டையும் சுமந்து வரும். குப்பத்தில் பேசி ஃபைபர் படகில் அலைக்கு அப்பால் போக முடிந்தால் சிறப்பு. என்ஜினை நிறுத்தி, காற்று வரும் பக்கம் முன்னணியத்திலிருந்து எடுங்கள். பின்பக்கம் எண்ணெய்ப் படலம் இருக்கும். மேல்மட்டத்து நீரை விட்டு, கொஞ்சம் ஆழத்திலிருந்து எடுங்கள். மேல்மட்டத்துப் படலத்தில்தான் எண்ணெயும் தூசியும் மிதக்கின்றன. படகு கிடைக்காவிட்டால் தூண்டில் வளைவின் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) நுனி, கடலைப் பார்த்த வெளிப்பக்கம், கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம். பாறை வழுக்கும், தனியாகப் போகாதீர்கள்.

20 லிட்டர் கேன் நிறைந்தால் 20.5 கிலோ. பத்துக் கேன் என்றால் காரில் 205 கிலோ, அதில் ஒன்று கசிந்தாலும் தரை துருப்பிடிக்கும். மூடியின் வாஷரைப் புறப்படும் முன்பே பாருங்கள். உணவுக்கான பிளாஸ்டிக் கேன் மட்டும்தான். பழைய டிரம் வாங்கினால் மாம்பழக்கூழ், குளுக்கோஸ் சிரப் வந்ததாக இருக்கட்டும். ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. சோப்பு வேண்டாம். பித்தளைக் குழாய், செம்பு, துத்தநாகம் பூசிய வாளி எதுவும் தண்ணீரில் படக்கூடாது: துளிச் செம்பு போதும், இறாலும் பவளமும் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் வடிகட்டிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். ஆர்.ஓ. மெஷினுக்கு வெளியே தொங்கும் 5 மைக்ரான் வெள்ளை ஸ்பன் ஃபில்டர் புதிதாக ஒன்றும், ஒரு சின்ன மோட்டாரும் போதும். முதலில் நான்காக மடித்த வேட்டித் துணியில் வடித்துக்கொண்டால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. சேமிக்கும் தொட்டி கறுப்பாக, மூடியோடு, நிழலில் இருக்கட்டும். மொட்டை மாடி கூடாது. உள்ளே காற்றுக்கல்லோ சுழல் மோட்டாரோ இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டும். நின்ற நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

மூன்று வாரம் காத்திருக்க இடமில்லாதவர்களுக்கு, மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் செய்வதுபோல குளோரின் வழி இருக்கிறது. வாசனையும் சோப்பும் சேராத 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், 100 லிட்டருக்கு 10 மில்லி. அது 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு. நம்மூர் வெயிலில் பழைய பாட்டில் பாதி வலு இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். ஆசிட் எதையும் அதன் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். 24 மணி நேரம் இருட்டில் விடுங்கள். கடல் நீரில் இருக்கும் புரோமைடோடு குளோரின் சேர்ந்து புரோமினாகும். வெயில் பட்டால் புரோமேட் உண்டாகும், குளோரினை முறிக்கப் பிறகு ஊற்றும் ஹைப்போ அதை முறிக்காது. பிறகு ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் 3 கிராம் கரைத்து ஊற்றி, அரை மணி கழித்து, குளோரின் இருந்தால் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் இன்னும் ஒரு கிராம். நிறமே வராதவரை தொட்டிக்குப் போகக்கூடாது. நன்றாகக் காற்றூட்டி, அம்மோனியாவைத் தனியாகச் சோதியுங்கள், அதற்கு நெஸ்லர் திரவம் வேண்டாம். கடல் நீரில் அது கலங்கிவிடும். குளோரின் கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். எண்ணெயும் உலோகமும் பாஸ்பேட்டும் இருந்தபடியே இருக்கும்.

ஊற்றும் முன் ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பைப் பாருங்கள், அதையும் 35 பிபிடி திரவத்தால் சரிபார்த்தபின். 28 காட்டினால் கால்சியமும் 410 பிபிஎம்முக்குப் பதில் 330 அளவில்தான் இருக்கும். தொட்டிக்கான செயற்கைக் கடலுப்பு 100 லிட்டருக்கு 750 கிராம் சேர்த்து ஒரு நாள் சுழல விட்டால் 35ஐ நெருங்கும். கல்லுப்பு சோடியத்தைத்தான் ஏற்றும். பிஎச் 7.8க்கு இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், கரைந்த கரியமில வாயுதான், காற்றூட்டினால் ஏறும். தொட்டி நீரோடு உப்பு ஒரு பிபிடிக்குள்ளும் வெப்பம் ஒரு டிகிரிக்குள்ளும் பொருந்தினால், ஒரு தடவைக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் மாற்றலாம். தண்ணீரோடு பவளத் துண்டோ பவளம் ஒட்டிய கல்லோ எடுத்து வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. சேமிப்புத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது குழாயை அடியில் விடாமல் நிறுத்தி, கடைசி ஐந்து சென்டிமீட்டரைச் சாக்கடையில் ஊற்றுங்கள், செடிக்கு வேண்டாம்.