அவுட்லுக் பாஸ்வேர்ட் கேட்கிறதா? எந்தப் பாஸ்வேர்ட் என்று முதலில் பாருங்கள்

அவுட்லுக்கைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது, போட்டால் தப்பு என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு அடிக்கடி எனக்கு வாட்ஸ்அப் வருகிறது. இங்கே சிங்கப்பூரில் தேக்காவில் கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே நாலு கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அக்காமார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று எல்லாவிதமானவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: எதையும் அழுத்தாதீர்கள், அந்தப் பெட்டியை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். ஏனென்றால் அவுட்லுக் கேட்கும் பாஸ்வேர்ட் ஒரே ஒரு பாஸ்வேர்ட் அல்ல. எதைக் கேட்கிறது என்று தெரியாமலே ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றி, விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றி, கடைசியில் எது எதற்கு என்றே தெரியாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பெட்டியில் உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரிந்தால், கேட்பது அஞ்சல் சர்வர். ‘அவுட்லுக் டேட்டா ஃபைல்’ என்றோ, பிஎஸ்டி என்று முடியும் ஒரு கோப்பின் பெயரோ தெரிந்தால், கேட்பது உங்கள் கணினியிலேயே அஞ்சல்களைச் சேமித்து வைத்திருக்கும் அந்தக் கோப்பு. முதலாவதை ஆன்லைனில் போய் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதை மாற்ற எந்த நிறுவனத்தையும் கூப்பிட முடியாது, அது யாருடைய சர்வரிலும் பதிவாகவில்லை.

ஓஎஸ்டி என்று இன்னொரு வகைக் கோப்பும் இருக்கிறது. ஆபீஸில் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வர்) கணக்கோ மைக்ரோசாஃப்ட் 365 கணக்கோ வைத்திருந்தால் அவுட்லுக் உருவாக்குவது அதைத்தான். அது சர்வரில் இருப்பதன் நகல், அதற்குத் தனியாகப் பாஸ்வேர்ட் போடவே முடியாது. செட்டிங்ஸில் ‘சேஞ்ச் பாஸ்வேர்ட்’ பொத்தானைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கோப்பு கெட்டுப்போனால் அவுட்லுக்கை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றி வைத்தால் போதும், மறுபடி திறக்கும்போது சர்வரிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளும்.

சர்வர் கேட்கும் பாஸ்வேர்ட் விஷயத்தைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். சரியான பாஸ்வேர்டைப் போட்டும் பெட்டி திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் பாஸ்வேர்ட் தப்பில்லை, உள்ளே நுழையும் முறை பழையது, அதாவது கணக்கின் சாதாரணப் பாஸ்வேர்டை அவுட்லுக் நேரடியாகச் சர்வருக்கு அனுப்பும் முறை. கூகுள் 2022 மே மாத இறுதியில் தனிநபர் கணக்குகளுக்குப் பழைய முறையை நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபரிலிருந்து படிப்படியாக நிறுத்தியது, அவுட்லுக்.காம், ஹாட்மெயில் போன்ற தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில். அவுட்லுக் 2010 போன்ற பழைய பதிப்புகளுக்குப் புதிய முறை தெரியாது. ஜிமெயில் என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, ஒரு நிரலுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்கலாம். பதிப்பு புதிது, ஆனாலும் விடாமல் கேட்கிறது என்றால் கண்ட்ரோல் பேனலில், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் பெயரில் ஆபீஸ், அவுட்லுக் என்று வரும் பழைய பதிவுகளை நீக்கிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

இனி பிஎஸ்டி. ஆட்கள் நிஜமாகவே பயந்துபோவது இதில்தான், பணம் இழப்பதும் இதில்தான்.

உட்லண்ட்ஸில் இருக்கும் ஓர் அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும், அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவருடைய கணவர் பல வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். துறைமுகம் துறைமுகமாக இறங்கும்போது எழுதிய கடிதங்கள், பிள்ளைகள் அவருக்கு எழுதியவை, ஊரில் நிலம் வாங்கியபோது தம்பியோடு நடந்த எழுத்து எல்லாம் ஒரே ஒரு பிஎஸ்டி கோப்பில் இருந்தன. அந்தக் காலத்துப் பாப்3 முறையில் அஞ்சல்கள் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து அழிந்துவிடும், அதனால் வேறு எங்கும் நகல் இல்லை. அவர் காலமான பிறகு பழைய லேப்டாப்பும் போய்விட்டது. மகன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கோப்பைப் பத்திரமாக எடுத்துவிட்டான். புதிய கணினியில் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது. “தம்பி, இத்தனை வருஷம் இது பாஸ்வேர்டே கேட்டதில்லை, இப்ப மட்டும் ஏன் கேட்குது?” என்றார் அக்கா.

கேள்வி சரியானதுதான். பிஎஸ்டி பாஸ்வேர்ட் பெட்டியின் அடியில் ‘இந்தப் பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்’ என்கிற மாதிரி ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கணவர் அதில் டிக் போட்டு வைத்திருந்தார். அந்த நினைவு பிஎஸ்டிக்குள் இருக்காது, அந்தக் கணினியில் அந்த விண்டோஸ் பயனரின் கணக்கோடு கட்டுண்டிருக்கும். கணினி மாறினால் போச்சு. ஆபீஸில் புதிய கணினி கொடுத்த மறுநாள் “யாரோ என் மெயிலுக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டார்கள்” என்று பதறுகிறவர்களுக்கும் இதேதான் காரணம். யாரும் போடவில்லை, என்றைக்கோ போட்டது இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

அக்காவும் மகனும் அதற்குள் ஒரு கடையில் விசாரித்திருந்தார்கள். பல நூறு வெள்ளி ஆகும், கோப்பை விட்டுவிட்டுப் போங்கள், திறக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று பதில். இந்தப் பூட்டு எவ்வளவு பலவீனமானது என்று தெரிந்தால் யாரும் அந்தத் தொகையைக் கொடுக்க மாட்டார்கள், அதனால்தான் அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

பிஎஸ்டிக்கு நீங்கள் போடும் பாஸ்வேர்ட் அதிகபட்சம் 15 எழுத்து. அது கோப்புக்குள் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை, சிஆர்சி32 என்ற கணக்கில் போட்டு வரும் 32 பிட் எண் ஒன்று மட்டும் சேமிக்கப்படுகிறது. சிஆர்சி என்பது தகவல் அனுப்பும்போது பிழை வந்ததா என்று சரிபார்க்கக் கண்டுபிடித்த கணக்கு, ரகசியம் காக்க வந்ததல்ல. அதில் வரக்கூடிய எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. கேட்கப் பெரிதாக இருந்தாலும் இன்றைய கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. போடக்கூடிய பாஸ்வேர்டுகளோ அதைவிடப் பல மடங்கு அதிகம், ஆகவே ஒரே எண்ணுக்கு எத்தனையோ பாஸ்வேர்டுகள் பொருந்தும். அவுட்லுக் அந்த எண்ணை மட்டும்தான் ஒப்பிடுகிறது. கணவர் என்ன வைத்திருந்தார் என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அதே எண்ணைத் தரும் வேறு ஏதாவது ஒரு எழுத்துக் கோவை போதும்.

இன்னொன்றும் உண்டு. பாஸ்வேர்ட் போட்டதால் உள்ளே இருக்கும் அஞ்சல்கள் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஆவதில்லை. அவுட்லுக் செய்யும் எழுத்து மாற்றம் எல்லாக் கோப்புக்கும் ஒரே அட்டவணைப்படிதான் நடக்கிறது, உங்கள் பாஸ்வேர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுவரே கட்டாத வீட்டுக்கு வாசலில் காவலாளியை நிறுத்துவது போலத்தான் இது. மைக்ரோசாஃப்ட் 2010 பிப்ரவரியில் இந்தக் கோப்பு அமைப்பின் விவரங்களை வெளியிட்டது. லினக்ஸில் இருக்கும் ரீட்பிஎஸ்டி என்ற இலவச நிரல் அஞ்சல்களைப் பிரித்துக் கொடுக்கும்போது பாஸ்வேர்ட் என்ன என்று கேட்பதுகூட இல்லை.

அக்காவின் கோப்புக்கு நாங்கள் பயன்படுத்தியது நிர்சாஃப்ட் தரும் பிஎஸ்டி பாஸ்வேர்ட் என்ற சின்ன நிரல், இலவசம். முதலில் கோப்பை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அசலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வைத்தோம். நிரல் ஒரு கோப்புக்கு மூன்று பாஸ்வேர்டுகளைக் காட்டும், மூன்றுமே அர்த்தமில்லாத எழுத்துகள், மூன்றுமே திறக்கும். முதலாவதைப் போட்டோம், இடப்பக்கம் ‘வீடு’, ‘பிள்ளைகள்’, ‘தம்பி’ என்று அவர் தமிழிலேயே பெயர் வைத்திருந்த கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. அக்கா ‘பிள்ளைகள்’ மேல் விரலை வைத்து இதை முதலில் திற என்றார்.

இந்த மாதிரி நிரல்களை ஆன்டிவைரஸ் சந்தேகிக்கும், தடுக்கவும் செய்யும். அதனால் இறக்குவது அதை எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்துதான் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், கூகுளில் மேலே வரும் ஏதோ ஒரு டவுன்லோட் தளத்திலிருந்து வேண்டவே வேண்டாம். அதைவிட முக்கியம்: கோப்பை ஏற்றினால் திறந்து தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்களுக்கு உங்கள் பிஎஸ்டியை அனுப்பாதீர்கள். பல வருஷ அஞ்சல் என்றால் அதற்குள் பாஸ்போர்ட் நகல், வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை எல்லாம் கிடக்கும். முகம் தெரியாதவர் கையில் ஒரு குடும்பத்தையே கொடுத்துவிடுவதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

நிரலைத் தேடும் முன் செய்து பார்க்க வேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது. நம்மாட்களிடம் அதிகம் பார்ப்பது, கீபோர்ட் தமிழ் 99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் நிற்பது. பாஸ்வேர்ட் பெட்டியில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் என்ன தட்டுகிறோம் என்றே தெரியாது. முரசு அஞ்சல் போன்ற தமிழ்த் தட்டச்சு நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே நிலைதான். முதலில் நோட்பேடைத் திறந்து அங்கே பாஸ்வேர்டைத் தட்டிப் பாருங்கள், வேண்டிய எழுத்துதான் வருகிறதா, பெரிய எழுத்து சிறிய எழுத்து சரியா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அங்கிருந்து நகலெடுத்துப் பெட்டியில் ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் நோட்பேடைச் சேமிக்காமல் மூடுங்கள்.

அடுத்தது, கோப்பே கெட்டுப்போயிருப்பது. ஒருநாளும் பாஸ்வேர்ட் போடாத கோப்பு திடீரென்று கேட்டாலும், நன்றாகத் தெரிந்த பாஸ்வேர்டை மறுத்தாலும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வரும். அவுட்லுக் 2002 வரை வந்த பழைய அமைப்பில் கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது, அதை நெருங்கிய கோப்புகள் சுலபமாகக் கெட்டுவிடும். 2003-இல் வந்த புதிய அமைப்பில் அது 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. ஆபீஸ் நிறுவிய கோப்புறையிலேயே ஸ்கேன்பிஎஸ்டி என்ற பழுதுபார்க்கும் நிரல் இருக்கும், அவுட்லுக்கை மூடிவிட்டு அதை நகலின் மேல் ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் சரியாகாது, பிழை இல்லை என்று சொல்லும்வரை திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.

யாருடைய கோப்பு என்பதையும் பார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர் கம்பெனிக் கணினியில் விட்டுச்சென்றதை முதலாளி சொல்லித் திறப்பது வேறு, அறைத்தோழர் கோப்பை அவருக்குத் தெரியாமல் திறப்பது வேறு. இங்கே கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1993-இலிருந்தே இருக்கிறது, பூட்டு சுலபமாகத் திறந்தது என்பது அதில் சமாதானம் ஆகாது. சந்தேகமான கோப்பை யாராவது கொண்டுவந்தால் நான் தொடுவதில்லை.

திறந்த பிறகு பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்று போய்க் கோப்பைத் தேர்ந்து, செட்டிங்ஸில் சேஞ்ச் பாஸ்வேர்டை அழுத்தி, பழையது என்ற இடத்தில் நிரல் தந்த எழுத்துகளைப் போட்டு, புதியது இரண்டையும் காலியாக விட்டு ஓகே கொடுத்தால் போதும். பாதுகாப்பு போய்விடுமே என்று பல கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். இல்லாத பாதுகாப்பு எங்கே போகும்? வரி ஆணையம் வியாபாரப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது, வாடிக்கையாளர் விவரங்களைத் தக்கபடி காக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பிஎஸ்டி பாஸ்வேர்டை நம்பி முதலாவதைச் செய்தால் என்றைக்காவது மறந்துபோய்ச் சொந்தக் கோப்பே கைக்கு வராது, இரண்டாவதையோ அது காப்பாற்றவே காப்பாற்றாது.

அதற்குப் பதில் டிஸ்க்கையே மறையாக்கம் செய்யுங்கள். விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர், ஹோம் என்றால் பல புதிய லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கும். கோப்பின் நகல் ஒன்று வெளி டிஸ்க்கில், அதுவும் மறையாக்கத்தோடு. அப்புறம் பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அச்செடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லியும் வையுங்கள். அந்த எண் தொலைந்தால் எந்த இலவச நிரலாலும் திறக்க முடியாது.