கோடிக்குழகர்: கரையின் கடைசியில் தனித்திருக்கும் சுவாமி

காவிரித் தென்கரைப் பாடல் பெற்ற தலங்கள் 127. அவற்றில் கடைசியாக எண்ணப்படுவது, வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரை அருகே இருக்கும் கோடிக்குழகர் கோயில். கோடி என்றால் முனை, கடைசி. தனுஷ்கோடியில் இருக்கும் அதே கோடிதான். வரிசையில் மட்டுமல்ல, நிலத்திலும் இது கடைசி. நாகப்பட்டினத்திலிருந்து நேர் தெற்காக இறங்கி வரும் சோழநாட்டுக் கரை, கோடியக்கரையில் சட்டென்று முறிந்து மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. யாழ்ப்பாணக் கரை கடல் வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான்.

இப்படி இரண்டு கடலுக்கு நடுவே முனை நீட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்தத் துறையின் பலம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கிழக்குக் கரையை அடித்துப் புரட்டும்போது, தெற்குப் பக்கம் நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கும். வெளியூர் மீனவர்கள் அக்டோபர் முதல் மாசி வரை குடும்பத்தோடு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தங்குவது இதனால்தான். காலா, வாவல், நண்டு எல்லாம் அப்போதுதான். சீசன் முடிந்து வாடிகளைப் பிரித்ததும் கரை மறுபடி வெறிச்சோடும். பெரிய கப்பலுக்கு ஏற்ற துறையாக இது வளராததற்குக் காரணம் ஆழம் போதாமை. நீரிணை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கரையோட்டம் கொண்டுவரும் மணலும் சேறும் முனையைச் சுற்றிப் படிந்துகொண்டே இருக்கும். தோணிக்கும் வள்ளத்துக்கும் போதும், பெரிய கப்பலுக்குப் போதாது. ஆனாலும் இரவில் கரை தெரிய வேண்டுமே! சோழர் காலத்தது என்று மதிக்கப்படும் செங்கல் கலங்கரை விளக்கம் ஒன்று இங்கே நெடுங்காலம் சிதைந்த நிலையில் நின்றது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அது விழுந்தது. இப்போது அடிப்பகுதிதான் மிச்சம்.

சுந்தரரும் சேரமான் பெருமாளும் திருவாரூரிலிருந்து புறப்பட்டு நாகைக்காரோணம், திருமறைக்காடு (வேதாரண்யம்), அகத்தியான்பள்ளி (இன்றைய அகத்தியம்பள்ளி) தரிசித்து இங்கே வந்தார்கள். சுவாமி தனித்திருப்பதைக் கண்ட சுந்தரருக்கு மனம் பொறுக்கவில்லை.

"கடிதாய்க் கடற்காற்று வந்தெற்றக் கரைமேல்
குடிதான் அயலே இருந்தாற் குற்றமாமோ"

காற்று இப்படி வந்து மோதுகிறதே, பக்கத்தில் நாலு குடி இருந்தால் என்ன குற்றம், உமக்கு யார் துணை என்று உரிமையோடு கேட்கிறார். ஏழாம் திருமுறையின் 32ஆம் பதிகம், பத்துப் பாட்டு. பொந்தில் ஆந்தை குழறுவதையும் கூகை கத்துவதையும் சொல்லி, அம்மை அஞ்சுவாளே என்று கவலைப்படுகிறார். இந்தப் பதிகத்தைக் கோயிலில் உட்கார்ந்து படிப்பதற்கும் வீட்டில் படிப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. கையடக்கப் பிரதி ஒன்று கொண்டுபோவது நல்லது.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும் சாலையில் முதலில் அகத்தியம்பள்ளி. இருபக்கமும் உப்பளம். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளிய இடம் இதுதான், நினைவுத்தூண் இருக்கிறது. அகத்தியருக்குத் திருமணக் காட்சி கிடைத்த தலம் என்பதால் இங்கே ஒரு தரிசனம் செய்துவிட்டே மேலே செல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் ரயில் பாதையும் இங்கேயே முடிகிறது. அகலப்பாதையாக்கி 2023இல் மறுபடி ரயில் விட்டார்கள்.

அடுத்தது கோடியக்காடு. கோயில் இங்கேதான். பலர் கோடியக்கரை என்று கேட்டு நேரே கடற்கரைக்குப் போய்விட்டு, அங்கே தேடித் திரும்பி வருகிறார்கள். பேருந்தில் வந்தால் கோடியக்காட்டில் இறங்க வேண்டும். சிறிய ஊர்க் கோயில், உச்சிக்குப் பிறகு நடை சாத்தியிருக்கும். ஆகவே காலையில் முதலில் இங்கே வந்துவிட்டு, கடலையும் காட்டையும் பிறகு வைத்துக்கொள்வதே சரி.

சுவாமி அமிர்தகடேசுவரர், அம்மை மைத்தடங்கண்ணி. அமுதக் குடத்தை வாயுதேவன் கொண்டு போனபோது அசுரர் மறிக்க, அமுதம் சிந்தி இங்கே விழுந்தது, அதுவே லிங்கமானது என்பது தலபுராணம். முருகன் அமிர்தசுகுமார சுப்பிரமணியராக நிற்கிறார். திருமுகம் ஒன்று, கை ஆறு. அந்தக் கைகளில் ஒன்றை நின்று பார்க்க வேண்டும்: வேலையும் வச்சிரத்தையும் தேடும் கண்ணுக்கு ஒரு சிறு கலசம் தட்டுப்படும். அமுத கலசம். தீபாராதனை வேகத்தில் இது தவறிவிடும், ஆராதனை முடிந்தபின் குருக்களிடம் கேட்டு ஒருமுறை விளக்கு காட்டச் சொல்லலாம்.

தீர்த்தம் இரண்டு. கடல் ஒன்று, அமுதக் கிணறு மற்றொன்று. உப்புக் கடலுக்கு இவ்வளவு அருகே கிணறு எப்படி என்று தோன்றும். வேதாரண்யம் முதல் முனை வரை பழைய கடல் ஒதுக்கிய மணல்மேடுகள் வரிவரியாக ஓடுகின்றன. மழைநீர் மணலில் இறங்கி உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும். மேலாக இறைத்தால் நல்லநீர், ஆழத் தோண்டினால் உவர். இந்தக் கரையில் கிடைக்கும் நல்லநீரை அமுதம் என்று முன்னோர் சொன்னது மிகையே அல்ல.

கோயிலைத் தாண்டினால் சரணாலயக் காடு. சாலையிலிருந்து பிரியும் வழியில் ராமர் பாதம் ஒரு மணல்மேட்டின்மேல் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் உயரமான இடம் இதுதான், அதுவும் சில மீட்டர்தான். இங்கிருந்து பார்த்தபோது இராவணன் அரண்மனையின் பின்புறம் தெரிந்ததாம், புறமிருந்து தாக்குவது வீரமல்ல என்று ராமர் அணை கட்ட வேறிடம் போனார் என்பார்கள். கோடியக்கரைக் கடலுக்கு ஆதிசேது என்று பெயர் வந்தது அந்த நம்பிக்கையில்தான். வழியில் குரங்குகளுக்குப் பிரசாதம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் பையைப் பிடுங்குகின்றன.

ஆடி, தை அமாவாசைகளில் ஆதிசேதுவில் முழுகி, பிறகு வேதாரண்யம் சன்னதிக் கடலில் முழுகி, கோயிலுக்குள் மணிகர்ணிகையில் நீராடி மறைக்காட்டு ஈசனைத் தரிசிப்பது வழக்கம். அன்று கோடியக்கரைச் சாலை காலை முழுவதும் நெரிசல்தான், விடியுமுன் முனைக்குப் போய்விட வேண்டும். எள், தர்ப்பை, பச்சரிசி, பழம் எல்லாம் வேதாரண்யத்திலேயே வாங்கிவிடுங்கள். கடல் ஆழமில்லாதது, இடுப்பளவு நீருக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். உள்ளே போகாமல் உட்கார்ந்தே முழுகலாம். சன்னதிக் கடலில் சேறு ஒதுங்கியிருக்கும் நாளில் முதியவர்களைக் கைபிடித்து இறக்குங்கள், முழங்கால் வரை புதையும். உடம்பு கழுவ நல்லதண்ணீர் ஒரு குடமாவது வண்டியில் இருக்கட்டும்.

2018 நவம்பர் 16 கஜா புயல் இந்தக் காட்டின் பெருமரங்களைச் சாய்த்துவிட்டது. பாலை மரங்கள் பழையபடி அடர இன்னும் காலம் வேண்டும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். வெளிமானும் காட்டுக்குதிரையும் சாலையைக் கடக்கும் நேரம் அது.

திரும்பிப் போகிற வழியில் கோடியக்காட்டில் வண்டியை நிறுத்தி, பதிகம் காடுகாள் என்று சொல்லும் காடுகிழாள் சன்னதியில் ஒரு நிமிடம் நின்று கும்பிடுங்கள். யார் துணை என்று கேட்ட சுந்தரரே, மையார் தடங்கண்ணி ஒரு பாகம், கங்கை மேனியில், காடுகாளும் உடன் என்று அதே பதிகத்தில் பாடியிருக்கிறார்.