எண் என்னுடையது, பெயர் அண்ணனுடையது

பதினாறு வருடமாக நான் வைத்திருக்கும் கைப்பேசி எண் என் பெயரில் இல்லை என்பது, கைப்பேசிச் சேவை நிறுவனம் மாறப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

2009இல் வேலைக்குச் சிங்கப்பூர் வந்து, உட்லண்ட்ஸில் அண்ணன் வீட்டில் தங்கினேன். வந்த மறுநாளே அண்ணன் தன் கணக்கில் இன்னொரு இணைப்பு எடுத்து, சிம்மைக் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது வேலை அட்டைகூட வந்திருக்கவில்லை. கும்பகோணம் வீட்டுக் கூடத்தில், தொலைபேசி இருந்த மேசைக்கு மேலே சுவரிலேயே அப்பா அந்த எண்ணை எழுதி வைத்தார். நீலப் பேனா. முன்னால் 0065, அப்புறம் நான்கு நான்காக எட்டு இலக்கங்கள். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் அம்மா தொடவிடுவதில்லை. இன்னமும் அதைப் பார்த்துத்தான் எண்ணை அழுத்துவார். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிடுவார். நான் திருப்பிக் கூப்பிடுவேன்.

அதனால் நிறுவனம் எதுவாக இருந்தாலும் சரி, எண் மட்டும் மாறக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

மாற நினைத்ததற்குக் காரணம் காசுதான். மாதம் 40 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது, கைப்பேசிக்கான தவணையும் முடிந்துவிட்டது, கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருக்கிறது. வெளியில் எம்ஆர்டி ரயிலில் போகும் நேரத்துக்குத்தான் டேட்டா வேண்டும். சிம் மட்டும் தரும் திட்டம் 12 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று தோழி சொன்னார்.

எண்ணோடு மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1997இலேயே இங்கே வந்துவிட்டது. ஆனால் அப்போது இருந்தது திருப்பிவிடும் ஏற்பாடுதான். அழைப்பு முதலில் பழைய நிறுவனத்துக்கே போய், அங்கிருந்து புதிய நிறுவனத்துக்கு வரும். 2008 ஜூன் 13இல்தான் முழுமையான முறை வந்தது. எந்த எண் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதை ஒரு பொதுத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. அழைப்பு நேராக அந்த நிறுவனத்துக்கே போய்விடுகிறது. 9லோ 8லோ தொடங்கும் ஓர் எண்ணைப் பார்த்து அது எந்த நிறுவனம் என்று இன்று யாராலும் சொல்லிவிட முடியாது.

போன வருடம் ஊரில் அம்மாவின் எண்ணை மாற்றிக் கொடுத்தேன். அங்கே 'போர்ட்' என்று எழுதி, எண்ணையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். ஒரு குறியீடு வரும், அதை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்திடம் போக வேண்டும். இங்கேயும் அப்படி ஏதாவது இருக்கும் என்று தேடினேன். இங்கே குறியீடு எதுவும் இல்லை. பழைய நிறுவனத்திடம் நாம் பேசவே தேவையில்லை. புதிய நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் வழியாக உள்ளே போனேன், பெயர், முகவரி எல்லாம் தானாக வந்து விழுந்தன. எண்ணைப் போட்டேன், இப்போது எந்த நிறுவனம், மாதக் கட்டணமா ப்ரீபெய்டா என்று கேட்டது, தேதியைத் தேர்ந்தெடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது. மாற்ற முடியவில்லை, விவரங்கள் பொருந்தவில்லை.

என் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து அரை மணி நேரம் காத்திருந்தேன். எடுத்தவர் என் ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கேட்டார், பார்த்தார், பழைய நிறுவனத்தில் இந்த எண் வேறு ஒரு ஐசியில் பதிவாகியிருக்கிறது என்றார். உடனே பழைய பில்லைத் திறந்து பார்த்தேன். மேலே அண்ணன் பெயர். பில் என் மின்னஞ்சலுக்கு வருகிறது, பணம் என் வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோ என்ற ஏற்பாட்டில் தானாகப் போகிறது. கல்யாணமாகித் தனி வீடு வந்தபோது இந்த இரண்டையும் மாற்றினேன். அதோடு எண்ணும் என்னுடையதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இத்தனை வருடம் தொகையைப் பார்த்தேனே தவிர, பெயரைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் யோசித்தால் அந்தக் கெடுபிடி சரிதான். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் இந்த எண்ணுக்கு வருகிறது. கைப்பேசி எண்ணை வைத்தே பணம் பெறும் பேநவ் வசதியும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எண்ணை இழுத்துக்கொண்டு போகலாம் என்று இருந்தால், நம் பணத்தையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டு வழி இருந்தது. அண்ணனே தன் பெயரில் புதிய நிறுவனத்துக்கு மாற்றலாம். அது சுலபம், ஆனால் எண் மறுபடியும் அவர் பெயரிலேயே இருக்கும். இல்லையென்றால் முதலில் பழைய நிறுவனத்திலேயே உரிமையை என் பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு வெளியே வர வேண்டும். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். இரண்டு பேரும் நேரில் வர வேண்டும், அசல் ஐசி வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். வரிசைச் சீட்டு எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். முகப்பில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினார்: இடப்பக்கம் கொடுப்பவர், வலப்பக்கம் பெறுபவர். அண்ணன் விரலாலேயே கையெழுத்துப் போட்டார். "இத்தனை வருஷம் இது என் பேர்லயா இருந்துச்சு? எனக்கே மறந்துபோச்சும்மா" என்றார்.

இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருந்தது. பெயர் மாற்றும்போதே ஒரு புதிய திட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாதம் 25 வெள்ளிதான், நல்ல சலுகை என்றார் அந்தப் பெண். ஒப்பந்தம் உண்டா என்று கேட்டேன். பன்னிரண்டு மாதம் என்றார். அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், அடுத்த வாரம் வெளியேறும்போது இடையில் முறித்ததற்கான தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். எண்ணை மாற்றிவிட்டோம் என்பதற்காக ஒப்பந்தக் கடன் எங்கும் போய்விடாது. ஒப்பந்தம் இல்லாமல் பெயர் மட்டும் மாறினால் போதும் என்று மூன்று முறை சொன்னேன். மேலாளரைக் கேட்டுவிட்டு வந்து, சரி என்றார்கள்.

கடையிலிருந்து வெளியே வந்ததும் அண்ணன், "பேசாம பழைய லைனை ரத்து பண்ணிடலாமே, எதுக்கு இவ்வளவு?" என்றார். பலர் செய்யும் தவறு இது. லைனை ரத்து செய்தால் எண்ணும் அதோடு போய்விடும். உயிரோடு இருக்கும் எண்ணை மட்டும்தான் மாற்ற முடியும். எண் புதிய நிறுவனத்துக்குப் போன கணத்தில் பழைய கணக்கு தானாகவே முடிந்துவிடும். நாம் தனியாக எதையும் ரத்து செய்ய வேண்டாம்.

இதைத் தோழியிடம் சொன்னபோது, அவர் கணவருக்கும் இதே சிக்கல்தான் என்றார். ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று பாஸ்போர்ட்டைக் காட்டி ப்ரீபெய்ட் சிம் வாங்கியிருக்கிறார். இப்போது கையில் இருப்பது வேலை அட்டை எண். பதிவில் இருப்பது பாஸ்போர்ட் எண், அதுவும் புதுப்பித்துவிட்ட பழைய பாஸ்போர்ட். முதலில் ப்ரீபெய்ட் நிறுவனத்திடம் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள் என்றேன். சிம்மில் மீதம் உள்ள பணம் புதிய நிறுவனத்துக்கு வராது, அதையும் பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன்.

நாலு நாளில் என் பெயர் ஏறியது. அடுத்த பில் வரும்வரை காத்திருக்காமல், செயலியில் என் பெயரைப் பார்த்ததுமே மறுபடி விண்ணப்பித்தேன். இந்த முறை வியாழக்கிழமை என்று தேதி வந்தது. புதிய சிம் தபாலில் வந்து மேசை மேல் கிடந்தது.

புதன் இரவே செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேன். வீட்டு வாடகையை முன்கூட்டியே அனுப்பினேன். வங்கிச் செயலியில் டிஜிட்டல் டோக்கன் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அது இருந்தால் குறுஞ்செய்தி வராவிட்டாலும் வைஃபையில் சமாளிக்கலாம். ஊருக்குப் போகும் வாரத்தில் மட்டும் யாரும் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். கையில் இருக்கும் சிம் செத்துவிடும், புதியது வீட்டில் கிடக்கும்.

வியாழன் காலை 6 மணிக்கு எழுந்து பார்த்தபோது, மேலே கோடுகள் இருந்த இடத்தில் 'சேவை இல்லை'. சிம் தட்டைத் திறக்கும் ஊசியைக் காணவில்லை. புடவை ஊக்கை நிமிர்த்திக் குத்தினேன். புதிய சிம்மைப் போட்டு இரண்டு முறை அணைத்து இயக்கிய பிறகுதான் நிறுவனத்தின் பெயர் வந்தது. அண்ணனுக்கு அழைத்தேன், போனது. டேட்டா மட்டும் வரவில்லை. கைப்பேசி அமைப்பில், டேட்டா இணைப்புக்கான ஏபிஎன் என்ற இடத்தில் பழைய நிறுவனத்தின் பெயரே இருந்தது. புதியவர்கள் தந்த சொல்லைப் போட்டதும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் எதுவும் மாறவில்லை, எண் அதேதான் என்பதால்.

நாம் அழைப்பது உடனே போகிறது, நமக்கு வருவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அம்மாவின் மிஸ்டு கால் தினமும் எங்கள் நேரம் எட்டரைக்கு வரும், அங்கே பால் காய்ச்சி முடிக்கும் நேரம். அன்று எட்டரைக்கு வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. அலுவலகத்தில் கைப்பேசியை மேசை மேல் முகம் மேலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானே அழைத்திருக்கலாம், ஆனால் வருகிறதா என்று தெரிய வேண்டும். 10.50க்கு இரண்டு மணி அடித்து நின்றது. திருப்பி அழைத்தேன். "காலைலேர்ந்து மூணு தடவை போட்டேன், போகவே இல்ல. நம்பரைத் தப்பாப் பாக்கறனோன்னு கண்ணாடியைப் போட்டுண்டு மறுபடி பாத்தேன்" என்றார் அம்மா.

நம்பர் சரிதான்மா என்றேன்.

மதியம் வங்கிக் குறுஞ்செய்தியும் வந்தது. ஜைரோவை மட்டும் நான் உடனே நிறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்துப் பழைய நிறுவனத்தின் கடைசி பில் வந்தது, மாதத்தின் பாதி நாட்களுக்கும் உரிமை மாற்றிய கட்டணத்துக்கும் சேர்த்து. அது கணக்கிலிருந்து போனதைப் பார்த்த பிறகுதான் ஜைரோவை நிறுத்தினேன். அந்த பில்லில் என் பெயர் சரியாக இருந்தது.