செகாம்புட்டில் இரண்டு வி10

விடிகாலையில் பட்டர்வொர்த்தில் ரயிலேறி, கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு நேராகச் செகாம்புட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பட்டறையில் மச்சானுக்குத் தெரிந்த அண்ணன் மெக்கானிக்காக இருக்கிறார். ஒரே முதலாளியின் இரண்டு கார்கள் சர்வீசுக்கு வந்திருந்தன: போர்ஷே கரேரா ஜிடி, லெக்சஸ் எல்எஃப்ஏ. இரண்டிலும் வி10, அதாவது பத்து சிலிண்டர் இன்ஜின். முதலாவதை மொத்தமே 1,270தான் செய்தார்கள், இரண்டாவதை 500.

போர்ஷேயில் ஸ்டீயரிங் இடது பக்கம், வலது பக்கத்துக்கு அவர்கள் செய்யவேயில்லை. லீ மான்ஸ் பந்தயத்துக்கென்று வடிவமைத்து, திட்டம் கைவிடப்பட்டதால் தேங்கிப்போன இன்ஜின்தான் 5.7 லிட்டராக வளர்ந்து, 612 குதிரைத்திறனோடு இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கியர்க் குமிழ் மரம், பழைய 917 பந்தயக் காரின் நினைவாக. கிளட்ச் 169 மில்லிமீட்டர்தான், டிபன் தட்டைவிடச் சின்னது. “நகத்தும்போது எண்ணெய் (ஆக்ஸிலரேட்டர்) மிதிக்கக் கூடாது தம்பி, கிளட்ச்ச மட்டும் மெதுவா விடணும், அவசரப்பட்டா நின்னுடும்” என்றார் அண்ணன். சறுக்கினால் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்பியும் கிடையாது. எல்லாம் ஓட்டுகிறவர் கையிலும் காலிலும்தான்.

சரி, லெக்சஸுக்கு வருகிறேன், நான் நாலு மணி நேரம் ரயிலில் வந்ததே இதற்காகத்தான். 4.8 லிட்டர்தான், ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும், அதுவும் சும்மா நிற்கும் வேகத்திலிருந்து 0.6 விநாடியில், சுற்றைக் காட்டும் சாதாரண முள்ளால் அந்த வேகத்துக்கு நகர முடியாது என்றுதான் திரையில் முள்ளை வரைந்து காட்டினார்கள். சத்தத்தைச் சீர்செய்தது இசைக்கருவி செய்கிற யமஹா. அண்ணன் ஒரு மிதி மிதித்தார், தகரக் கூரை அதிர்ந்தது, போர்ஷேயின் கரகரப்பு இதில் துளியும் இல்லை, சுருதி பிசகாமல் மேலே மேலே போனது. கியர்பாக்ஸ் மட்டும் மாறும்போது உதைக்கும், ஒற்றைக் கிளட்ச், அந்த இடத்தில் கையாலேயே கியர் மாற்றும் போர்ஷேதான் மேல்.

ஆனாலும் என் மனம் லெக்சஸ் பக்கம்தான். முதலில் அலுமினியத்தில் செய்யத் தொடங்கி, எடை போதுமான அளவு குறையவில்லை என்று பாதியில் கார்பன் நாருக்கு மாறினார்கள். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களையும் வட்டத் தறியில் நெய்தார்கள். லெக்சஸைச் செய்கிற டொயோட்டாவே தறிக் கம்பெனியில் பிறந்ததுதானே, சாகிச்சி டொயோடா தறி செய்தவர், அவர் மகன் கீச்சிரோ அந்தத் தறி ஆலைக்குள்தான் 1933இல் கார்ப் பிரிவைத் தொடங்கினார். எங்கள் தாத்தா பினாங்குக்குக் கப்பலேறும் முன் சேலத்தில் தறி நெய்தவர்.

அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார் அண்ணன்.