பெரட்டு (தோட்டத்தில் காலை ஆளெடுப்பு) நேரத்திலிருந்து எண்ணுங்கள்: பக்கவாத வார்டுக்குப் போகும் இளம் மருந்தாளர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பார்மசி படிக்கப் போன தம்பி தங்கைகள் சிலர் இப்போது பயிற்சி ஆண்டுக்குள் நுழைகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஸ்ட்ரோக் வார்டுக்கு எதப் படிச்சிட்டுப் போறது?" நான் தேறிய விதத்தைச் சொல்வதற்கு முன், முதல் தடவை எங்கே தவறினேன் என்று சொல்லிவிடுகிறேன். பாடம் அங்கேதான் இருக்கிறது.

என் பயிற்சி ஆண்டு ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் கழிந்தது. ஒவ்வொரு வார்டு முடியும்போதும் மூத்த மருந்தாளர் உட்கார வைத்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். பக்கவாதப் பிரிவுக்கு நான் இரண்டு வாரம் கண் விழித்துப் படித்திருந்தேன். மருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு, அளவு, பக்கவிளைவு, எந்தெந்த மருந்தோடு சேராது என எல்லாம் மனப்பாடம்.

அவர் கொடுத்த நோயாளி இப்படி. 58 வயது, பால்மரம் சீவுபவர், எடை 62 கிலோ. காலை 5 மணிக்கு மனைவி எழுப்பியபோது வலக்கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. 6.45க்கு அவசரப் பிரிவு. 7.15க்கு சி.டி. ஸ்கேன் பார்த்தாயிற்று, மூளையில் ரத்தக்கசிவு இல்லை. "இப்ப என்ன செய்வீங்க?"

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் என்றேன். கிலோவுக்கு 0.9 மி.கி., ஆக 55.8 மி.கி. அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 5.6 மி.கி., ஒரு நிமிடத்தில் ரத்தநாளம் வழியாக. மீதி 50.2 மி.கி. ஒரு மணி நேரத்தில். எவ்வளவு எடை என்றாலும் 90 மி.கி.யைத் தாண்டக்கூடாது. தடங்கலில்லாமல் சொன்னேன்.

அவர், "கணக்கு சரி. ஆனா இந்த ஆளுக்கு இந்த மருந்தக் கொடுக்கக் கூடாது" என்றார்.

அறிகுறி தெரிந்த 5 மணியிலிருந்து நான் எண்ணியிருந்தேன். எண்ண வேண்டியது அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. முந்தின இரவு 9.30க்குப் படுத்தவர் அவர். தூக்கத்தில் எப்போது அடைப்பு ஏற்பட்டதென்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் 7.15க்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடிவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம். எம்.ஆர்.ஐ. போன்ற மேல்நிலைப் படங்களை வைத்துச் சிலருக்கு அந்த எல்லையைத் தாண்டியும் முடிவெடுக்கலாம். பெரிய ரத்தக்குழாய் அடைப்பு என்றால் கருவி விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சையை, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். ஆனால் சி.டி. ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "5 மணிக்குத்தான் தொடங்கியது" என்று மருந்தை ஏற்றினால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடலாம்.

அந்த இரவே அட்டைகளையெல்லாம் கட்டி வைத்தேன். மருந்து மருந்தாகப் படிப்பதை விட்டு, மணி மணியாகப் படிக்கத் தொடங்கினேன். ஒரே நோயாளி. வாசலுக்கு வந்த நிமிடம், முதல் மணி நேரம், முதல் நாள், முதல் வாரம், மூன்றாம் மாதம். ஒவ்வொரு கட்டத்திலும் மருந்தாளரிடம் என்ன கேட்பார்கள், அவர் யாரிடம் என்ன கேட்க வேண்டும்? நீங்களும் இப்படியே படியுங்கள். சுகாதார அமைச்சின் பக்கவாத வழிகாட்டி நூல், மூன்றாம் பதிப்பு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிப்பதைவிட, இந்த ஐந்து கட்டங்களுக்கும் அதிலிருந்து தேடி எடுத்து எழுதுவது மனதில் தங்கும்.

நேரத்தைக் கேட்பதும் ஒரு திறமைதான். அது பாடநூலில் இல்லை. தோட்டத்து வீட்டில் போய் "எத்தன மணிக்கு நல்லா இருந்தாரு?" என்று கேட்டால், பதற்றத்தில் இருக்கும் மனைவி வாயில் வந்ததைச் சொல்வார். "பெரட்டுக்குப் போனாரா? போறப்ப நேரா நடந்தாரா? யார்கிட்டயாவது பேசினாரா?" என்று கேளுங்கள். "மின்னல் எஃப்.எம்.ல செய்தி ஓடினப்ப சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரா? பள்ளிக்கூட பஸ் வந்தப்ப?" நம் ஆட்களின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. நிகழ்ச்சியைப் பிடித்தால் மணி தானாக வரும். மருத்துவர் ஏற்கெனவே கேட்டிருப்பார், ஆனாலும் தமிழில் இன்னொரு தடவை கேட்டபோது ஒரு மணி நேரம் முன்னேயோ பின்னேயோ நகர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், எழுதியும் வையுங்கள்.

அடுத்தது, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது. ஓர் அம்மாவின் மகள், "ரத்தத்த இளக்குற மருந்தெல்லாம் எதுவும் இல்ல மிஸ்ஸி" என்று உறுதியாகச் சொன்னாள். வெள்ளை கோட்டு போட்ட பெண்கள் எல்லாரும் அவர்களுக்கு மிஸ்ஸிதான். நான் கேள்வியை மாற்றி, அதையே மலாயில் கேட்டேன். "ஊபாட் சாயிர் டாரா குடுத்திருக்காங்களா?" அப்போதும் யோசித்தாள். "கிளினிக்குல விரல்ல குத்தி ரத்தம் பாத்து, மாத்திரைய கூட்டிக் குறைப்பாங்களா?" உடனே, "ஆமா, அது இருதயத்துக்கு!" என்றாள். வீட்டிலிருந்து மைலோ டின்னைக் கொண்டுவரச் சொன்னோம். உள்ளே வார்ஃபரின். ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் 2.6. 1.7க்கு மேல் இருந்தால் ஆல்டெப்ளேஸ் கிடையாது. மருத்துவர் உடனே வேறு வழிக்குத் திரும்பினார். "இருதயத்துக்கு" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அந்த மருந்து ஒளிந்திருந்தது. டாபிகாட்ரான், ரிவாரொக்ஸாபான், அபிக்ஸாபான் போன்ற ரத்தம் இளக்கும் மருந்துகள் என்றால், கடைசி மாத்திரை எப்போது என்று கட்டாயம் கேளுங்கள். கடந்த 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் பொதுவாக ஆல்டெப்ளேஸ் கொடுப்பதில்லை.

முதல் மணி நேரத்துக்கு மனதில் நிற்க வேண்டிய எண்கள் அதிகமில்லை. ரத்த அழுத்தம் 185/110க்குக் கீழே வந்த பிறகுதான் மருந்து தொடங்கும். தொடங்கிய பின் 24 மணி நேரம் 180/105க்குள் இருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 2.8 மில்லிமோலுக்குக் கீழே போனாலே பக்கவாதம் போலவே வாய் கோணலாம், கை விழலாம், எனவே விரல்குத்து முதலில். ஆல்டெப்ளேஸை அதனுடன் வரும் ஊசித் தண்ணீரில் கரைக்கும்போது குலுக்காதீர்கள், மெல்லச் சுழற்றுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் பக்கம் போகவே கூடாது. எடையை ஊகிக்காதீர்கள். எடை பார்க்கும் கட்டில் இல்லாவிட்டால், அண்மையில் கிளினிக்கில் எடுத்த எடை அவருடைய பதிவுப் புத்தகத்தில் இருக்கும்.

கட்டி கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.கி., ஒரே ஊசி, உச்சம் 25 மி.கி. மாரடைப்புக்கோ ஏறக்குறைய இரு மடங்கு, உச்சம் 50 மி.கி. பெட்டி ஒன்று, பெட்டிக்குள் வரும் அளவு அட்டை மாரடைப்புக்கானதாக இருக்கலாம். அதிகாலை மூன்று மணிக்கு அவசரத்தில் ஒருவர் அந்த அட்டையைப் பார்த்து இழுத்தால், தடுக்க வேண்டியவர் நீங்கள். ஆல்டெப்ளேஸை டி.பி.ஏ. என்றும் டெனெக்டெப்ளேஸை டி.என்.கே. என்றும் சுருக்கி எழுதுவதையும் விடுங்கள். முழுப் பெயரை எழுத இரண்டு நொடிதான் ஆகும். பரீட்சையில் இந்தக் கேள்வி வராவிட்டாலும் வேலையில் வரும்.

முதல் நாளில், கட்டி கரைக்கும் மருந்து பெற்றவருக்கு 24 மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கும் வரை ஆஸ்பிரின் இல்லை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு மருந்தும் இல்லை. வழக்கமான மருந்துப் பட்டியலில் அது தானாகத் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். விழுங்கும் சோதனை முடியாமல் வாய்வழி மாத்திரை எதுவும் கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது.

பிறகு மூக்குக் குழாய். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் இங்கே மருந்தாளருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் சம்பல் இடிக்கும் கல்லிலேயே மாத்திரையையும் இடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுவதும் மெதுவாக இறங்க வேண்டிய நிஃபெடிபினை இடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கி அழுத்தம் சரிந்துவிடும். அதேபோல மெதுவாக இறங்கும் கிளிகிளாசைடு எம்.ஆர்., மெட்ஃபார்மின் எக்ஸ்.ஆர். இரண்டையும் இடிக்கக் கூடாது. டாபிகாட்ரான் கூட்டைத் திறந்து கொட்டினால் உடம்பில் சேரும் அளவு கணிசமாகக் கூடி, ரத்தப்போக்கு வரலாம். அபிக்ஸாபானையும் அம்லோடிபினையும் இடிக்கலாம். ஃபெனிடாயின் கொடுத்தால் குழாய் உணவை முன்னும் பின்னும் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மருந்து சரியாகச் சேராது. வார்டில் இருக்கும் பத்துப் பதினைந்து மருந்துகளுக்கு "இடிக்கலாம், இடிக்கக் கூடாது, பதிலுக்கு என்ன" என்று நீங்களே ஒரு தாள் தயாரித்துத் தாதியரிடம் கொடுங்கள். அதைத் தயாரிக்கும்போதே பாதி பாடம் முடிந்துவிடும்.

முதல் வாரத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நிறுத்தும் தேதி. லேசான பக்கவாதத்துக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலையும் சேர்த்து முதல் மூன்று வாரம் கொடுப்பது வழக்கம். 2013இல் வெளிவந்த சான்ஸ் ஆய்விலும் 21 நாள்தான் இரண்டும் ஒன்றாக. பிறகு ஒன்றே ஒன்று. மருந்துச்சீட்டில் தேதி இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்தும் இரண்டையும் வாங்கிக்கொண்டே இருப்பார்கள், ரத்தப்போக்கு ஆபத்தும் கூடிக்கொண்டே போகும். பையின் மேலேயே தேதியை எழுதுங்கள். வயிற்றுக்கு ஒமெப்ரசோல் சேர்த்திருந்தால் அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும் என்று சொல்லி மாற்றுங்கள். சிம்வஸ்டாட்டின் 40 மி.கி.யும் அம்லோடிபினும் ஒரே சீட்டில் இருந்தால் பேனாவை எடுங்கள். அம்லோடிபினோடு சிம்வஸ்டாட்டின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

பதிவுக்கான சட்டத் தேர்வில் இவை எதுவும் வராது. அது 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம், 1951ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டம் போன்றவற்றைப் பற்றியது. பிரிவு பிரிவாக வாசித்துப் பழைய கேள்விகளைப் போட்டுப் பாருங்கள், போதும்.

வார்டு தேர்வுக்கு நாங்கள் மூன்று பேர் வாடகை வீட்டில் நாடகம் போட்டுப் படித்தோம். ஒருத்தி நோயாளியின் மகள், ஒருத்தி மருத்துவர், ஒருத்தி மருந்தாளர். மகளாக நடிப்பவள் ஒரு மருந்தை மறைப்பாள். மருந்தாளர் ஐந்து நிமிடத்துக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சுற்று தமிழில், ஒரு சுற்று மலாயில். கைப்பேசியில் கடிகாரம் ஓடும். இரண்டாம் தடவை வாய்மொழித் தேர்வுக்குப் போனபோது, கணக்குக்கு முன்னால் கேள்விகள் தானாக வாயில் வந்தன.

இப்போது நான் டவுனில் மருந்துக் கடையில் இருக்கிறேன். இங்கே மூன்றாம் மாதமும் அதற்குப் பிந்தியதும்தான் என் பாடம். சிலசமயம் முதல் நிமிடமும் வந்துவிடுகிறது. "கை மரத்துப் போச்சு, தேய்க்கத் தைலம் குடுங்க" என்று வருகிறவரின் முகத்தைப் பாருங்கள், சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் 999. ஸ்கேன் பார்க்காமல் கடையிலேயே ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் அது இன்னும் கெடுக்கும். "அங்கின் அஹ்மார்தான், பிடிச்சுவிட்டா சரியாயிடும்" என்று (பக்கவாதத்துக்கு மலாயில் வழங்கும் பேர் அது) மசாஜுக்குக் கூட்டிப்போக இருந்த ஒருவரின் காரை நிறுத்தி ஈப்போ மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் மாதத்தில் வருகிறவர்களிடம் கீரையை விடச் சொல்லாதீர்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் பிரச்சினை. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு என்றால் அதற்கேற்ப மருந்தைச் சரிசெய்யலாம். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய மூட்டுவலி மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எண் இல்லாதவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இங்கே புதிதல்ல.

கடைசியாக, மாத்திரைப் பெட்டி. செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு மூளையின் வலப்பக்கம் அடித்தது. இடப்பக்கம் இருப்பதையே அவர் கவனிக்கமாட்டார். வாரப் பெட்டியில் இடப்பக்கத்து மாத்திரைகள் மட்டும் அப்படியே கிடந்தன, மனைவியோ அவர் பிடிவாதம் பிடிப்பதாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திருப்பி அவருடைய வலப்பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அலுமினியத் தகட்டிலிருந்து ஒரு கையால் பிதுக்க முடியாததால், அவருடைய மாத்திரைகளில் தகட்டைவிட்டு எடுக்கலாம் என்பவற்றை மட்டும் பிரித்து வாரா வாரம் நானே நிரப்பிக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை மாலை வேலை முடிந்ததும் மனைவி வந்து வாங்கிப்போவார்.