மூன்று சக்கரத்தில் ஹோகே வெலூவே: அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு

முதலில் காசு விஷயம். நெதர்லாந்தின் ஹோகே வெலூவே தேசியப் பூங்காவுக்குப் போய்த் திரும்பி வந்து இரண்டு நாளாகியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. பூங்கா வாசலை ஒட்டிய ஓட்டர்லோ கிராமத்துப் பக்கம் ஒரு வாடகைக் கடை. பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர சைக்கிள் நாளொன்றுக்கு 45 யூரோ என்று பலகையில் போட்டிருந்தார்கள். கவுன்டரில் கணக்குப் பார்த்தால் இன்சூரன்ஸ் 5, பக்கக் கண்ணாடி 3, ஹெல்மெட் 4. ஆக மொத்தம் 57. இரண்டு வண்டிக்கு 114 யூரோ. அது போக வண்டிக்கு 100 யூரோ டெபாசிட். ‘ஒரு நாள்’ என்றால் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும்தானாம். பக்கக் கண்ணாடிக்குத் தனிக் காசு வாங்குவது அநியாயம். கழுத்தைத் திருப்ப முடியாத வயதில் அது அலங்காரப் பொருள் இல்லை, பிரேக் மாதிரி அவசியமான உறுப்பு.

ஆகவே போவதற்கு முன்பே போன் போட்டு, எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு, முடிந்தால் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வாங்கியதும் பின்சக்கர மட்கார்டு இரண்டையும் வீடியோ எடுங்கள். கீறல் விழுவது எப்போதும் அங்கேதான். டெபாசிட்டில் கை வைப்பதும் அதைக் காட்டித்தான்.

சரி, எரிச்சல் போகட்டும். இடம் அப்படிப்பட்டது. நெதர்லாந்தின் நடுவே ஏறக்குறைய 5,400 ஹெக்டேர் பரப்பில் பைன் காடு, மணல்வெளி, ஊதாப் பூப் புதர்வெளி. நடுவில் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகம். வான் கோ ஓவியங்கள் உலகிலேயே இரண்டாவது அதிகமாக இருக்கும் இடம். ஆம்ஸ்டல்வேனிலும் ஐந்தோவனிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் துலிப் தோட்டத்துக்கும் காற்றாலைக்கும் கூட்டிப்போய்க் கூட்டத்தில் நிற்க வைத்துவிடுகிறார்கள். இங்கே கூட்டிவாருங்கள். உட்கார்ந்தபடியே காட்டைப் பார்க்கலாம்.

பூங்காவுக்குள் வெள்ளை சைக்கிள்கள் இலவசம். 1974 முதலே இருக்கும் ஏற்பாடு. நுழைவுச் சீட்டு வாங்கியவர் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிவிட்டு, நிறுத்துமிடத்தில் விட்டுவிடலாம். ஆனால் பெரியவர்களுக்கு அதைத் தராதீர்கள். கியர் கிடையாது. கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் நிற்கும். நம்மூர் சைக்கிளில் 50 வருஷம் பழகிய கை, அவசரத்தில் ஹேண்டிலில் பிரேக்கைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. இலவசம் என்பதற்காக எடுத்து, இடுப்பை உடைத்துக்கொண்டால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

மூன்று சக்கரம் என்றால் விழவே விழாது என்று நினைக்கிறவர்களுக்குத்தான் நான் இதை முக்கியமாக எழுதுகிறேன். விழும். நின்றுகொண்டிருக்கும்போது விழாது, வேகமாகத் திரும்பும்போது விழும். இரண்டு சக்கர வண்டி வளைவில் தானாகச் சாயும். அதனால் நம் எடை டயரை அழுத்தும். மூன்று சக்கர வண்டி சாயாது. எடை முழுக்க வெளிப்பக்கம் தள்ளும், உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். வருஷக்கணக்காக சைக்கிள் ஓட்டியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள், ஏனென்றால் வண்டியைச் சாய்த்துத் திருப்புவது அவர்கள் உடம்பிலேயே ஊறிப்போன பழக்கம். இதுவரை சைக்கிளே தொடாத அம்மாக்கள் கால் மணி நேரத்தில் பழகிவிடுவார்கள்.

வழி இதுதான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். நடக்கிற வேகம், அதாவது மணிக்கு 6 கிலோமீட்டர், போதும். ஹேண்டிலைக் கையால் திருப்புங்கள். வலது பக்கம் திரும்பினால் மார்பையும் தலையையும் வலது பக்கம் சாய்த்து, வலது தொடையில் எடையை வையுங்கள். நேர்ப்பாதையில் 12 முதல் 15 கிலோமீட்டர் வேகம் போதுமானது. மோட்டார் 25 வரை உதவும், 250 வாட்டுக்குள் இருக்கும், லைசென்ஸ் வேண்டாம். ஆனால் இறக்கத்தில் 25ஐத் தாண்டினால் மோட்டார்தான் நிற்கும், வண்டி உருண்டுகொண்டேதான் இருக்கும்.

முதல் அரை மணி நேரத்தைக் காலியான பார்க்கிங் இடத்தில் செலவழியுங்கள். வாடகை நேரம் ஓடுகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், பரவாயில்லை. மோட்டார் உதவியை அணைத்துவிட்டு, எட்டு போடச் சொல்லுங்கள். அகலமான எட்டு, பிறகு கொஞ்சம் சிறிய எட்டு. பிறகு நேராகப் போய் ஒரு கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். அது கைவந்த பிறகு உதவியை ஒன்றாம் படியில் வைத்து மறுபடி முதலிலிருந்து. ஓட்டுகிறவர் பக்கத்தில் நடந்துகொண்டே ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். அவருக்குத் திரும்புவது பிடிபடாமலே போய்விடும்.

காலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வண்டி நகரும்போது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. இரண்டு சக்கரத்தில் நிற்பதற்கு முன் ஒரு காலை நீட்டுவோம் இல்லையா? அந்தப் பழக்கத்தில் இங்கே காலை வைத்தால் பின்னால் வரும் சக்கரம் குதிகாலில் ஏறிவிடும். முழுதாக நின்று, பார்க்கிங் பிரேக் போட்ட பிறகே பெடலிலிருந்து கால் இறங்கலாம். ஏறும்போதும் அப்படித்தான்: பிரேக் போட்டிருக்க வேண்டும், இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, உட்கார்ந்த பிறகு பெடல்.

சீட் உயரத்தையும் பாருங்கள். தரையில் கால் எட்ட வேண்டிய தேவையே இல்லாததால் கடைக்காரர்கள் தாழ்வாக வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நாலு கிலோமீட்டரில் முட்டி வலி வரும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம்.

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. பெடல் சுற்றுவதை மட்டும் பார்க்கும் சென்சார் வண்டி, சுற்ற ஆரம்பித்ததும் திடுக்கென்று தள்ளும். அழுத்தத்தை அளக்கும் சென்சார், நீங்கள் மிதிக்கிற அளவுக்குத்தான் உதவும். பெரியவர்களுக்கு இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதிலும் ஒன்று உண்டு: நின்றுகொண்டிருக்கும்போது காலின் பாரம் பெடலில் அழுந்தினால் வண்டி முன்னே நகரப் பார்க்கும். சந்திப்பில் நிற்கும்போது பிரேக்கை விடவே கூடாது.

பின்சக்கர டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்றில் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிட்டிருக்கும், அதற்குள் வையுங்கள். இன்னொரு கேள்வி: மோட்டார் எந்தச் சக்கரத்தில்? முன்சக்கரத்தில் இருந்தால் மணல் படிந்த ஏற்றத்தில் சக்கரம் சும்மா சுழலும், ஏனென்றால் உட்கார்ந்தவரின் எடை முழுக்கப் பின்னால்தான் இருக்கும். இங்கே காற்றடித்தால் மணல் பாதைக்கு வந்துவிடும். உதவிப் படியைக் குறைத்து, கனமில்லாத கியரில் மெதுவாக மிதித்துக் கடக்க வேண்டும்.

அம்மாக்கள் சேலையில் ஓட்டலாமா? சுடிதாரும் பேன்ட்டும் நல்லது. சேலைதான் என்றால் முந்தானையை இடுப்பில் செருகி, பின் குத்தி, கொசுவம் செயின் பக்கம் போகாதபடி செயின் முழுக்க மூடிய வண்டியாகப் பார்த்து எடுங்கள். துப்பட்டாவை வண்டிக் கூடையில் போட்டுவிடுங்கள். வேட்டி வேண்டவே வேண்டாம்.

இனி பாதை. ஓட்டர்லோவுக்கு ரயில் கிடையாது. எடே-வாகனிங்கன் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் அடிக்கடி வராது. ஒன்றைத் தவறவிட்டால் நிழலில்லாத நிறுத்தத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதுதான். 40 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்ற எண்ணமே வேண்டாம். போகிற இடத்தில் எடுப்பதுதான் சரி.

பூங்காவுக்கு ஒரு டிக்கெட், அருங்காட்சியகத்துக்கு இன்னொரு டிக்கெட். நாலு பேர் போனால் இதுவே பெரிய தொகை ஆகிவிடுகிறது. திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வாசலில் ஆரம்பிக்கிறது முதல் சோதனை: பாதை நடுவே நட்ட கம்பம். கார் வராமல் தடுக்க நெதர்லாந்து முழுக்க சைக்கிள் பாதையில் இதை நடுகிறார்கள். ஓட்டுகிறவர் கண்ணுக்கு ஹேண்டில்தான் தெரியும். ஹேண்டில் புகுந்துவிட்டது என்று நம்பிப் போவார். ஹேண்டிலை விட அகலமான பின்சக்கரம் கம்பத்தில் மாட்டும். இடைவெளியின் நட்டநடுவே முன்சக்கரத்தை வைத்து, கம்பத்தைப் பார்க்காமல் அதற்கு அப்பால் பார்த்து, மெதுவாகப் போக வேண்டும்.

பாதையின் ஓரம் அதைவிட ஆபத்து. வண்டியின் பின்புற அகலம் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். முன்சக்கரம் நடுவில் இருப்பதால், வலது பின்சக்கரம் அதற்கு 37 சென்டிமீட்டர் வெளியே ஓடுகிறது. பழைய சைக்கிள் ஞாபகத்தில் ஓரமாக ஒதுங்கினால் அந்தச் சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி மணலில் இறங்கும், வண்டி சரியும். முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் எப்போதும் 70 சென்டிமீட்டர் இருக்கட்டும். பின்னால் மணியடிக்கிறவர்கள் அடிக்கட்டும், இடம் இருக்கும்போது முந்திப் போவார்கள். சாலை வலது பக்கம் சரிந்திருந்தால் வண்டி வலது பக்கம் இழுப்பதும் இயல்புதான். உடம்பை முறுக்காமல் ஹேண்டிலை லேசாக இடது பக்கம் பிடித்தால் போதும்.

இன்னொன்று, இங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடும். ஆகவே கண்ணாடி இடது பக்கம் வேண்டும். சந்திப்பில் தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். முனை உங்களைப் பார்த்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். வெலூவே பகுதியில் காட்டு விலங்குகள் தாண்டாமல் இருக்கத் தரையில் இரும்புக் கம்பி வரிசை பதித்திருப்பார்கள். அதை நேர்க்குத்தாக, மிதிப்பதை நிறுத்தி, பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் அந்தக் கம்பி வழுக்கும்.

வழி தவற வாய்ப்பில்லை. காளான் வடிவில் முட்டி உயரத்துக்குத் திசைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே படிக்கலாம். பூங்காவுக்கு வெளியே எண் போட்ட சந்திப்புகள். இந்த எண் முறை பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995இல் தொடங்கியது. யோசனை சொன்னவர் ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். எண்களை வரிசையாகத் தாளில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிவிட்டால் பெரியவர்கள் போனைத் தொடவே வேண்டாம்.

சாப்பாடு! ஓட்டர்லோவில் ஒரு பான்கேக் கடை. தட்டை விடப் பெரிய பான்கேக், மாவோடு சேர்ந்தே வெந்த ஆப்பிள் துண்டுகள், மேலே பட்டைப்பொடி, தனிக் குப்பியில் கருப்பான பாகு. ஓரம் நம் நெய் தோசை போல மொறுமொறுப்பு, நடுவில் ஆப்பம் போல மெத்து. 13 யூரோ. இரண்டு பெரியவர்கள் ஒன்றைப் பகிர்ந்தாலே வயிறு நிறையும், தனித்தனியாக வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். சைவம்தானே என்று முன்பே கேளுங்கள். பன்றி இறைச்சி போட்டதும் அதே பட்டியலில் இருக்கும். பூங்காவுக்குள் காபியும் கேக்கும் விலை அதிகம். புளிசாதமும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போவதுதான் சிக்கனம். பின்னால் பெரிய கூடை இருக்கிறதே! பாட்டில்களை அடியில் வையுங்கள். பின் அச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் எடை வண்டியை நிலையாக்கும். அதே எடையைக் குவித்து உயரமாக வைத்தால் வளைவில் கவிழ்க்கும்.

பேட்டரிக் கணக்கை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி என்றால் 504 வாட்-மணி. இந்த வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி போனால் 42 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் அது சட்டென்று குறையும். ஆகவே 25 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் காற்று என்று பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோன பேட்டரியோடு 40 கிலோ வண்டியை 70 வயதில் மிதிப்பது கொடுமை.

மாத்திரை சாப்பிடும் நேரம், கழிப்பறை இரண்டையும் பாதையோடு சேர்த்தே யோசியுங்கள். பார்வையாளர் மையத்தில் கழிப்பறை உண்டு, காட்டுக்குள் கிடையாது. அரை மணிக்கு ஒரு முறை நிறுத்திக் கைவிரலை உதறச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் போனால் புதர்வெளி முழுக்க ஊதா. இங்கேதான் மூன்று சக்கரம் தன் மதிப்பைக் காட்டுகிறது. இரண்டு சக்கரத்தில் வருகிறவர்கள் இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, உட்கார இடம் தேடுகிறார்கள். பெரியவர்கள் பாதையகலம் பார்த்து ஒதுங்கி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, அகலமான சீட்டில் அப்படியே சாய்ந்துகொள்ளலாம். பூவில் தேனீ இரைவது கேட்கும். புளிசாதப் பொட்டலத்தைக் கூடையிலிருந்து எடுத்து, இறங்காமலே பிரிக்கலாம். மணி நாலு ஆனதும் கிளம்பச் சொல்லுங்கள், கடை ஐந்துக்கு மூடிவிடும்.